திறந்துவிட்ட மடை

தஞ்சை வயலில் மடையைத் திறந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் அடைக்கவும் வேண்டும். இல்லையேல் பயிர் மூழ்கிவிடும். உயிரணுவின் வளர்ச்சிக்கும் இத்தகைய மடைகள் உண்டு. அவை சில ஜீன்களே.

1999-இல் பாரிசில், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களில், வைரஸ் மூலம் நல்ல ஜீனைப் புகுத்தினர். பெரும்பாலோர் தேறினர். ஆனால் 2002 முதல் நால்வருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. ஒரு குழந்தை இறந்தது. ஏன்? வைரஸ் கொண்டுவந்த ஜீன், வளர்ச்சி ஜீனின் அருகே அமர்ந்து அந்த மடையைத் திறந்துவிட்டது!

பின்னர் வைரஸைத் திருத்தியமைத்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு இத்தகைய சிகிச்சை அளித்த முடிவுகள் 2024-இல் வெளியாயின. கண்காணித்த காலத்தில் இரத்தக்கசிவு இல்லை. எனினும் பாரிஸ் பாடம் மறக்கத்தக்கதன்று: மடைக்குப் பல்லாண்டுக் காவல் தேவை.