மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜின்

நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறந்து, பழைய பிளக்குகள் நான்கையும் கழற்றிப் புதியன மாட்டி, கையோடு ஏர் ஃபில்டரையும் தட்டித் துடைத்து வைத்து, சாவியைத் திருப்பினால் வண்டி உலுக்குகிறது. சைலன்சரில் விட்டுவிட்டு ஒரு ‘புஸ்... புஸ்’. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு. கூலியை மிச்சம் பிடிக்க நினைத்தவர் மெக்கானிக்கைக் கைபேசியில் அழைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தால், மறுமுனையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “மிஸ்ஸிங் அடிக்குது சார். எதையாவது கழட்டினீங்களா?”

அந்தக் கேள்வியிலேயே நோயறிதலின் பாதி இருக்கிறது. மீதிப் பாதிக்கு, இன்ஜினில் எது தப்புகிறது, அது தப்பியது எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 முறை சுற்றும். ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தீ மூளும். ஆக, சிலிண்டருக்கு நிமிடத்தில் 400 வெடிப்பு. நான்குக்கும் சேர்த்து 1600. நொடிக்குச் சுமார் 27. இவ்வளவு நெருக்கமாக வரும் உதைகளை உடம்பு தனித்தனியாகப் பிரித்தறியாது. ஒரு மெல்லிய ரீங்காரமாகவே உணரும். இப்போது ஒரு சிலிண்டர் மட்டும் செத்துப்போகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஆறேழு முறை, ஓர் உதை வராமல் போகும். மூன்று பேர் முறைவைத்து ஒரே உரலில் நெல் குத்தும்போது ஒருத்தி உலக்கையைப் போடாமல் விட்டால், திண்ணையில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடும் அல்லவா? அப்படித்தான் இதுவும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற அளவில். உடல் அதிர்வு பற்றிய சர்வதேசத் தர அளவீடுகள் இந்த எல்லைக்குத்தான் அதிக எடை தருகின்றன. செத்த சிலிண்டரின் ஆட்டம் சரியாக அதற்குள் வந்து விழுகிறது. ஓட்டுநர் காதால் கேட்பதற்கு முன்பே இருக்கையின் வழியாக அறிந்துகொள்வது இதனால்தான்.

வண்டிக்குள் இருக்கும் கணினியும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. சிலிண்டருக்குள் தீ எரிகிறதா என்று எட்டிப் பார்க்கும் கண் பெரும்பாலான கார்களில் கிடையாது. கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சக்கரமும், அதன் பக்கத்தில் விரல் அளவுக்கு ஓர் உணரியும் இருக்கின்றன, அவ்வளவுதான். பல கார்களில் அந்தச் சக்கரம் 60 பற்களுக்கு இடம்விட்டு வெட்டப்பட்டு, அதில் இரண்டு பற்கள் வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கும். அந்த இடைவெளி கடந்து போகும்போது, தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று கணினி தெரிந்துகொள்ளும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 6 பாகை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் அந்த 6 பாகையைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. மூன்றாவது சிலிண்டர் உதைக்க வேண்டிய தருணத்தில் பற்கள் வழக்கத்தைவிட இம்மியளவு மெதுவாகக் கடந்தால், ‘மூன்றில் தீ மூளவில்லை’ என்று கணினி கணக்கெழுதிக்கொள்ளும். அது தீயைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை, நேரத்தை மட்டும் எண்ணியது.

இந்த முறைக்கு ஒரு வேடிக்கையான பலவீனம் உண்டு. குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் தூக்கிப் போடும்போது, அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸ் வழியாகத் திரும்பிவந்து கிராங்க் தண்டின் வேகத்தையும் குலைக்கும். கணினிக்கு அது மிஸ்ஸிங் போலவே தோன்றும். அதனால் பல கார்களில் ஏபிஎஸ் உணரிகளைப் பார்த்து ‘இது சாலையின் குற்றம்’ என்று தெரிந்தால், கணினி அந்த நேரத்துக்கு எண்ணுவதையே நிறுத்திவைக்கும். நம்மூர்ச் சாலைகள் சிலவற்றில் அது நாள் முழுக்க விடுமுறையில் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

இந்தக் கண்காணிப்பு அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் கட்டாயமானது. ஸ்கேனரை மாட்டினால் வரும் பி0301, பி0302 என்ற குறியீடுகளின் கடைசி எண் சிலிண்டரின் எண். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் அல்ல, அங்குமிங்குமாகத் தப்புகிறது என்று பொருள். வீட்டில் வேலை பார்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பி0303 வந்ததும், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில்களில் மூன்றாவது போய்விட்டது என்று முடிவு கட்டிக் கடைக்கு ஓடுகிறார்கள். அந்தக் குறியீடு காயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்றாம் சிலிண்டரின் முறை வரும்போது தண்டு தயங்குகிறது. அது சொல்வது அவ்வளவே. தயங்குவதற்குப் பொறி வராதது காரணமாக இருக்கலாம். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் சேராதது காரணமாக இருக்கலாம். வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் கசிவதாகவும் இருக்கலாம்.

டேஷ்போர்டின் இன்ஜின் விளக்கு விடாமல் எரிந்தால் நிதானமாகத் தேடலாம். மினுக்மினுக்கென்று சிமிட்டினால் வண்டியை ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் எரியத் தொடங்கிவிட்டது என்பதன் எச்சரிக்கை அது. 1400 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும் பீங்கான் தேனடைகூட அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்வதுண்டு. நான்கு பிளக்கின் விலையில் முடிய வேண்டிய விஷயம் பல ஆயிரங்களுக்குப் போய்விடும்.

பிளக் மாற்றிய பிறகு வரும் மிஸ்ஸிங்குக்குத் திரும்புவோம். பழக்கத்தால் பலரும் செய்யும் சோதனை ஒன்று: பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் உடம்பில் ஒட்டவைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்ப்பது. நீலமாகப் பொறி பறந்தால் “கரண்ட் வருது” என்று திருப்தி. அந்தத் திருப்தியை 1889-லேயே ஒருவர் கெடுத்துவிட்டார். ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷென், இரண்டு உலோக முனைகளுக்கு இடையே வாயுவைப் பிளந்துகொண்டு பொறி பாய எத்தனை வோல்ட் வேண்டும் என்று அளந்து பார்த்தார். வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வரும் தொகைதான் அதைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். திறந்த வெளியில் அதைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நசுக்கி வைத்திருக்கும்போது, வண்டி முழு மூச்சாக இழுக்கும் நேரத்தில், அழுத்தம் வெளியே இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அப்போது அதே இடைவெளிக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்கூடத் தேவைப்படும். வெளியே அழகாகப் பொறி தரும் பிளக் உள்ளே ஊமையாகிவிடுவதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இதே பாஷென் விதி இன்னொரு துப்பும் தருகிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும்; சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. பலவீனமான காயில்கூட அப்போது சமாளித்துவிடும். மேட்டில் ஏறும்போதோ, ஓவர்டேக் எடுக்க ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதோதான் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். சும்மா நிற்கையில் அமைதி, சுமையில் வெட்டு என்றால், முதல் சந்தேகம் பொறியின் மீது விழ வேண்டும்.

புதிய பிளக்கில் என்ன கோளாறு வந்துவிட முடியும்? நிறையவே. கீழே விழுந்த பிளக்கின் முனை வளைந்து இடைவெளி குறுகியிருக்கும். ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து முறுக்கினால், வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்கே தெரியாத கீறல் விழும். மின்சாரத்துக்கு ஒழுக்கம் கிடையாது. எளிதான வழி எதுவோ அதில் போகும். நசுங்கிய காற்றைப் பிளப்பதைவிடப் பீங்கான் கீறல் வழியாகவோ, பீங்கானின் வெளிப்புறத்து எண்ணெய்ப் பிசுக்கின் வழியாகவோ இன்ஜின் உடம்புக்கு இறங்கிவிடுவது சுலபம் என்றால், அங்கேயே இறங்கிவிடும். இறங்கிய வழியில் மெல்லிய கரிக்கோடு ஒன்றையும் விட்டுச்செல்லும். பிளக்கின் தலையை மூடும் ரப்பர் உறையின் உட்புறத்திலும் அந்தக் கோடு பதியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த முறை அந்த வழி இன்னும் சுலபமாகிவிடும். பிளக்கை மறுபடி மாற்றியும் மிஸ்ஸிங் போகாமல் பலரைக் குழப்புவது பெரும்பாலும் இந்தப் பழைய ரப்பர் உறைதான். அதை டார்ச் அடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வாட்டர் சர்வீஸ் செய்தபின் வரும் மிஸ்ஸிங்கும் இந்த வகையைச் சேர்ந்ததே. பானெட்டைத் திறந்துவைத்து பிரஷர் பம்பால் அடித்த தண்ணீர் பிளக் குழிக்குள் தேங்கி நிற்கும்.

பழைய வகை வயர் வைத்த வண்டிகளில் இன்னொரு கூத்து உண்டு. ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி அனுப்பும் அமைப்பில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. முதலாம் வயரையும் நான்காம் வயரையும் தெரியாமல் மாற்றி மாட்டினால் ஒன்றும் ஆகாது. வண்டி சுகமாக ஓடும். முதலாவதையும் இரண்டாவதையும் மாற்றினால் அந்த இரண்டு சிலிண்டர்களும் படுத்துவிடும். இன்டேக் வால்வு திறந்திருக்கும்போது அகாலத்தில் பொறி வந்து, காற்று வரும் வழியிலேயே பட்டென்று வெடிக்கவும் கூடும். ஒரே ஜோடியைச் சேராத இரண்டு ஒரேயடியாகச் சாவது உதிரிப்பாகம் கெட்டதால் நடப்பது அபூர்வம். கை மாறியதால் நடப்பதே அதிகம்.

நிலைமை தலைகீழாக இருந்தால், அதாவது ஐடிலிங்கில் உலுக்கி வேகமெடுத்ததும் சரியாகிவிட்டால், காற்றுக் குழாய்களைப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியபோது உருவப்பட்ட ஒரு சின்ன ரப்பர் குழாய் போதும், அந்த வெற்றிடத்தை நோக்கிக் காற்று பாய்ந்துகொண்டே இருக்கும். உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் தரும் கார்களில் இந்தத் திருட்டுக் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதம் குலைந்து, கலவை மெலிந்து, தீ பற்றாமல் போகும். த்ராட்டில் திறந்ததும் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் ஆகிவிடுவதால் கசிவும் அடங்கும். காற்றை அளக்காமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கார்களும் உண்டு. அவற்றில் கணினி கூடுதல் காற்றைக் கண்டு பெட்ரோலையும் கூட்டிவிடும். அங்கே மிஸ்ஸிங்குக்குப் பதிலாக ஐடிலிங் வேகம் எகிறுவதே முதல் அடையாளமாக இருக்கும்.

ஆக, மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பது பாதையைக் காட்டிவிட்டது. எந்த உதிரிப்பாகம் என்பதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி, இடம் மாற்றிப் பார்ப்பதுதான். பி0303 வருகிறதா? மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டுங்கள், முதலாவதை மூன்றில். குறியீடு பி0301 ஆக மாறினால் குற்றவாளி காயில். மூன்றிலேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில் வகுத்துச் சொன்ன வேறுபாட்டு முறையும் இதுதான்: மற்ற எல்லாம் அப்படியே இருக்க ஒன்று மட்டும் மாறி, விளைவும் மாறினால், காரணம் அங்கே இருக்கிறது. மில்லைக் கேள்விப்பட்டிராத மெக்கானிக்குகளும் இதைத்தான் செய்கிறார்கள். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரேயடியாக மாற்றுபவருக்கு வண்டி ஓடலாம். எதனால் ஓடியது என்பது மட்டும் தெரியாது.

அந்தச் சோதனைக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பதற்றத்தில் ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிடாதீர்கள். பேட்டரி வயரையும் உருவாதீர்கள். தவறு நடந்த கணத்தில் இன்ஜினின் வேகம், சுமை, கூலன்ட் வெப்பம் எல்லாவற்றையும் கணினி ஒரு படம்போல் பிடித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியும் போகும். பேட்டரியைக் கழற்றினால், ஐடிலிங்கை நிதானப்படுத்தக் கற்றுவைத்த கணக்குகளையும் பல கார்கள் மறந்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓடும்வரை தாமாகவே உலுக்கும். அதையும் மிஸ்ஸிங் என்று நம்பி மறுபடி பானெட்டைத் திறப்பார்கள்.

டைமிங் பெல்ட் மாற்றியபின் வருவது வேறு கதை. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் என்றால், ஒரு பல் தள்ளி மாட்டுவது 18 பாகை பிசகு. வால்வுகள் எல்லாமே நேரம் தவறித் திறந்து மூடும். எல்லாச் சிலிண்டர்களும் ஒன்றுபோலச் சோர்ந்துவிடும். இடம் மாற்றும் வித்தை இங்கே பலிக்காது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, பெல்ட் மூடியை மறுபடி கழற்றிக் குறிகளைச் சரிபார்க்க வேண்டியதுதான்.

கடைசியாக, இல்லாத மிஸ்ஸிங். கிராங்க் உணரியையோ அதன் பல்சக்கரத்தையோ மாற்றிய பிறகு, இன்ஜின் வெண்ணெய்போல் ஓடும்போதே சில கார்களில் விளக்கு எரியும். எந்தப் பல்சக்கரத்திலும் பற்களுக்கு இடையே நுண்ணிய வெட்டுப் பிழைகள் இருக்கும். பழைய அமைப்பின் பிழைகளைக் கணினி மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. புதியதன் பிழைகள் அதற்குத் தீ தப்பியதாகத் தோன்றுகின்றன. அவற்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ள அது தேர்ந்தெடுக்கும் தருணம் அருமையானது. வேகமாகப் போகையில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் முழுதாக நின்றுவிடும். எந்தச் சிலிண்டரிலும் தீ இல்லை; எந்த உதையும் இல்லை. அப்போது பற்களின் நேரத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு எல்லாம் சக்கரத்தினுடையது மட்டுமே. சில கார்களுக்கு இதை ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்றவற்றில் பானெட்டைத் திறக்கத் தேவையில்லை. ஆளில்லாத நல்ல சாலையில் வேகமெடுத்து, கியரிலேயே விட்டு, காலை எடுத்து உருள விட்டால் போதும். சில முறை செய்தால் கணினி புதிய பிழைகளைக் கற்றுக்கொள்ளும்; பிறகு விளக்கும் அணையும்.