கோடையில் கம்பளி

கோடை வெயிலில் சைக்கிளில் செல்பவன் கம்பளிச் சட்டை அணிவதா என்று நேயர்களில் பலர் நகைக்கக்கூடும். கம்பளி என்றவுடன் மார்கழிக் குளிரும், உதகைக்குச் செல்லும் ரயிலும், பெட்டியின் அடியில் அந்துருண்டையோடு கிடக்கும் பழைய போர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நெடுந்தூர சைக்கிள் சவாரி செய்வோரில் ஒரு சாரார், வெப்பம் மிகுந்த நாட்களிலும் மெல்லிய கம்பளிச் சட்டையையே விரும்பி அணிகிறார்கள். அது நாறுவதில்லை என்பதே அவர்கள் கூறும் முதற்காரணம். (பண்டைத் தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது, இன்று அது தன் நிலையிலிருந்து தாழ்ந்துவிட்டது. நான் இங்கே தாழ்ந்த பொருளிலேயே அதை ஆளுகிறேன்.) அவர்கள் கூறுவது எவ்வளவு தூரம் உண்மை என்பதையும், எத்தகைய கம்பளி எதற்கு ஏற்றது என்பதையும் இன்று சற்று ஆராய்வோம்.

நெடுந்தூரம் என்று நான் சொல்வது வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே உள்ள ஐந்தாறு கிலோமீட்டரை அன்று. பிரான்சு நாட்டில், பாரிசிலிருந்து மேற்கே பிரெஸ்ட் என்னும் துறைமுக நகரம் வரை சென்று திரும்பும் பந்தயம் ஒன்று 1891-ஆம் ஆண்டில் நடைபெற்றது. இன்று அது பந்தயமாக இல்லாமல், மன உறுதியைச் சோதிக்கும் சவாரியாக, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டு மாதத்தில் நடக்கிறது. 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். அதற்குத் தகுதி பெற விரும்புவோர் 200, 300, 400, 600 கிலோமீட்டர் சவாரிகளை முடித்திருக்க வேண்டும். இத்தகைய சவாரிகள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. 600 கிலோமீட்டருக்குத் தரப்படும் நேரம் 40 மணி; உண்பதும், உறங்குவதும், பழுது பார்ப்பதும் எல்லாம் அதற்குள்ளேயே. இரண்டு பகலும் ஓர் இரவும் உடலை விட்டு நீங்காத சட்டை எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கம்பளி இத்துறைக்குப் புதியதன்று. 1903-இல் தொடங்கிய பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் வீரர்கள் ஜூலை மாத வெயிலில் கம்பளிச் சட்டையோடுதான் மலையேறினார்கள். முதலிடத்தில் நிற்பவருக்கு 1919 முதல் அளிக்கப்பட்டுவரும் மஞ்சட் சட்டையும் அந்நாளில் கம்பளியே. 1940-களின் பிற்பகுதியில், செயற்கை இழை கலந்த மஞ்சட் சட்டையை அணிய லூயிசான் பொபே என்னும் வீரர் மறுத்துவிட்டார். நாள் முழுதும் வியர்க்கும் உடலுக்குத் தூய கம்பளியே சுகாதாரமானது என்பது அவர் கட்சி. அமைப்பாளர்கள் அவசரமாகக் கம்பளிச் சட்டை ஒன்று தைத்துத் தர நேர்ந்தது. அவ்வீரரே பின்னர் 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அப்பந்தயத்தை வென்றார். எனினும் காலப்போக்கில் செயற்கை இழையே வென்றது. அது இலேசானது, மலிவானது, விரைவில் உலர்வது.

இனி நாற்றத்துக்கு வருவோம். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு நாற்றம் இல்லையென்றே சொல்லலாம். நம் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையிலும் தோலின் எண்ணெய்ப் பசையிலும் உள்ள பொருள்களைச் சிதைக்கும்போது ஆவியாகக்கூடிய அமிலங்களும் பிற பொருள்களும் உண்டாகின்றன. நம் மூக்கைத் தாக்குபவை அவையே. பெல்ஜிய நாட்டின் கெண்ட் பல்கலைக் கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், 26 பேரை நிலையான சைக்கிளில் ஒரு மணி நேரம் மிதிக்கச் செய்து அவர்களுடைய சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்திச் சட்டைகளைவிடப் பாலியெஸ்ட்டர்ச் சட்டைகளே மிகுதியாக நாறின. அச்சோதனையில் கம்பளி இடம்பெறவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2007-இல், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் மூன்று வகைத் துணிகளையும் அக்குளில் படுமாறு அணிவித்துப் பார்த்திருந்தார்கள். பாலியெஸ்ட்டர் மிகுதியாகவும், பருத்தி அதற்குக் குறைவாகவும், கம்பளி மிகக் குறைவாகவும் நாறின.

அந்த ஆராய்ச்சியில் மாணவர்கள் கருதத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. கம்பளியில் பாக்டீரியாக்கள் மடிந்துவிடவில்லை. நாட்கணக்கில் உயிரோடு இருந்தன. அப்படியானால் கம்பளி கிருமிகளைக் கொல்கிறது என்று கடைக்காரர் சொல்வதை நாம் நம்ப வேண்டியதில்லை. கம்பளி செய்வது வேறு வேலை. அதன் இழை கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமயிரும் நகமும் அதே இனம். புறத்தே மீன் செதில் போன்ற அடுக்குகளும், அகத்தே நீரை விரும்பும் பகுதிகளும் உடையது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை அது உள்ளே வாங்கிக்கொள்ளும். நீராவியோடு நாற்றப் பொருள்களும் உள்ளே புகுந்து, புரதத்தின் அமில, காரத் தொகுதிகளோடு பிணைந்து தங்கிவிடுகின்றன. பாலியெஸ்ட்டரோ தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு நீரைக்கூட உள்ளே ஏற்பதில்லை. ஆனால் எண்ணெயை விரும்பும். ஆதலால் தோலின் எண்ணெய்ப் பசை அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, நாற்றப் பொருள்கள் அங்கிருந்து எளிதில் காற்றில் கலக்கின்றன. கம்பளி நாற்றத்தை அழிப்பதில்லை, சிறைப்படுத்துகிறது, அவ்வளவே.

நாற்றம் ஒருபுறம் இருக்க, வெப்பம் என்ன ஆகும்? சைக்கிள் மிதிப்பவன் செலவிடும் சக்தியில் கால் பங்குக்கு மேல் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. எஞ்சியது வெப்பமாகிறது. அவ்வெப்பத்தைப் போக்க உடலுக்கு உள்ள சிறந்த வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். தரையில் சொட்டிய துளியால் பயன் இல்லை. வறண்ட காற்று வீசும் உள்நாட்டில் மெல்லிய கம்பளி இதற்குத் தடை செய்வதில்லை. காற்றில் ஈரம் நிறைந்த கடற்கரையோரத்தில் எந்தத் துணியும் சுமைதான். அங்கே கம்பளி மிகக் குளிர்ச்சியானது என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலையில் புறப்பட்டு மதியம் வீடு திரும்பும் சவாரிக்கு வலைபோன்ற மெல்லிய பாலியெஸ்ட்டர்ச் சட்டையே போதும், விலையும் குறைவு. கம்பளியின் அருமை இரண்டாம் நாளில்தான் தெரியும். பகலில் சமவெளியில் வியர்த்தவன் இரவில் மலைச்சாலையில் இறங்கும்போதும் தெரியும், ஏனெனில் நனைந்த கம்பளி மற்றத் துணிகளைப் போல் தோலோடு ஒட்டிச் சில்லிடுவதில்லை.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் இழையின் நுண்மையைப் பாருங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் 50 மைக்ரான் முதல் 100 மைக்ரான் வரை பருமனுடையது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட கம்பளி இழையின் முனை தோலைக் குத்தும். போர்வை உறுத்துவது அதனால்தான். மெரினோ என்னும் ஆட்டினத்தின் இழை 17 முதல் 19 மைக்ரான் அளவில் கிடைக்கிறது. ஸ்பெயின் நாடு பொன்போலக் காத்துவந்த இந்த ஆடுகள் 1797-இல் ஆஸ்திரேலியாவை அடைந்தன. நம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் 1965-இல் நிறுவப்பட்ட மைய அரசின் ஆராய்ச்சி நிலையத்திலும் பாரத் மெரினோ என்னும் இனம் வளர்க்கப்படுகிறது.

அடுத்தது துணியின் எடை. சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை உள்ளதே கோடைக்கு ஏற்றது. 200 கிராம் என்றால் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு மெல்லிய கம்பளி எளிதில் கிழியும் என்பதால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு நைலான் சேர்ப்பார்கள், அதில் குறையில்லை. பாதிக்கு மேல் செயற்கை இழையானால் கம்பளி என்ற பெயர்தான் மிஞ்சும். முதுகுப்புறப் பைகளில் பழமும் பம்பும் நிறைத்தால் மெல்லிய கம்பளி தொங்கிப்போகும். அவற்றை வண்டியிலேயே கட்டிக்கொள்வது நல்லது.

காற்சட்டை வேறு செய்தி. இதில்தான் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். முற்காலத்தில் கம்பளிக் காற்சட்டையின் உட்புறத்தில் ஷாமோய் என்னும் மலையாட்டின் பதனிட்ட தோலை வைத்துத் தைத்தார்கள். இப்போது செயற்கைப் பஞ்சு மெத்தை வைக்கிறார்கள். இருக்கையில் மணிக்கணக்கில் அழுந்தும் தோலில் உராய்வும் ஈரமும் பாக்டீரியாவும் சேர்ந்தால், மயிர்க்கால்கள் சீழ்பிடித்துக் கட்டியாகும். நன்றாகப் பயின்ற வீரர்களும் இக்கட்டியால் பாதி வழியில் சவாரியைக் கைவிட்டதுண்டு. நாறவில்லையே என்று அதே காற்சட்டையை மறுநாளும் அணிபவன் மூக்கை நம்பி மோசம் போகிறான். பாக்டீரியாக்கள் கம்பளியிலும் உயிரோடிருக்கும் என்று முன்பே கண்டோம். ஆகவே சட்டை ஒன்று போதும். காற்சட்டை இரண்டு வேண்டும்.

துவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கம்பளி புரதம் ஆகையால் சலவைச் சோடா அதை அரிக்கும். புரதக் கறையை நீக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் அப்படியே. நம் பாட்டிமார் பட்டுக்குப் பயன்படுத்திய பூந்திக்கொட்டை இதற்கும் நல்லது. வெந்நீரில் கசக்கினாலோ கல்லில் அடித்தாலோ செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சட்டை சிறுபிள்ளைக்கு அளவாகிவிடும். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். வழியில் தங்கும்போது சோப்புக்கூட வேண்டாம். உப்பு நீங்கும்படி வெறும் நீரில் அலசிக் காற்றோட்டமாகப் போட்டுவிடலாம். விடியற்காலையில் சற்று ஈரமிருந்தாலும் அணிந்துகொண்டு புறப்படுங்கள். எஞ்சிய ஈரத்தை உடற்சூடும் எதிர்காற்றும் போக்கிவிடும்.