நூற்றைம்பது சொல்லுக்குள் ஒரு பரீட்சை

ஒன்ராறியோவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒன்ராறியோவிலேயே பல்கலைக்கழகம் போகப்போகிற பிள்ளைக்கு, அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கிற எஸ்.ஏ.ரி. பரீட்சை தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரியூசன் விளம்பரங்களில் இந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். ஆறு பாடங்களின் சராசரி, சில துறைகளுக்கு மேலதிகப் படிவம் அல்லது காணொளி நேர்காணல். இங்கே வாசல் அவ்வளவுதான். ஆனாலும் சனிக்கிழமைக் காலைகளில் மார்க்கம் வீதியிலும் எக்ளிங்ரன் கிழக்கிலும் கார் நிறுத்த இடமில்லாமல் பெற்றோர் சுற்றிக்கொண்டிருப்பதில் இந்தப் பரீட்சைக்கும் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்க ஆசை ஒரு காரணம். கொரோனாக் காலத்தில் பரீட்சைப் புள்ளி கட்டாயமில்லை என்று தளர்த்திய பெயர்பெற்ற கல்லூரிகள் பல ஒவ்வொன்றாகப் பழைய வழிக்குத் திரும்பிவிட்டன. எம்.ஐ.ரி. 2022இல் திரும்பியது. டாட்மத், யேல், பிறவுண், ஹாவர்ட், கல்ரெக் எல்லாம் 2024இல் அறிவித்தன. கலிபோர்னியாவின் அரச பல்கலைக்கழகங்களோ அந்தப் புள்ளியைப் பார்ப்பதே இல்லை. ரொறன்ரோவில் இருந்து எல்லை தாண்டிப் போகிற பிள்ளைகள் எப்போதும் சிலர்தான். வகுப்புக்கு வருகிறவர்களோ அதைவிடப் பல மடங்கு.

மற்றக் காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் ஈழத்தமிழ் ஆட்களுக்குப் பரீட்சையில் ஒரு பக்தி. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலைக் கண்ட தலைமுறை, வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியதால் வாழ்க்கையே திசைமாறிய தலைமுறை, பரீட்சை என்றாலே வெறுத்திருக்க வேண்டும். நடந்தது மறுவளம். எழுதியவன் யாரென்று திருத்துபவனுக்குத் தெரியாது, திருத்துபவன் யாரென்று எழுதியவனுக்குத் தெரியாது. அந்தப் புள்ளி நியாயமானது, பிறகு வந்து அதில் கைவைத்ததுதான் அநியாயம் என்று அவர்கள் மனதில் பதிந்துபோனது. இங்கே வந்து பார்த்தால் அப்படியொரு பரீட்சையே இல்லை. ஒன்ராறியோ முழுவதற்கும் பொதுவாக இருந்த பதின்மூன்றாம் வகுப்பு இறுதிப் பரீட்சை 1967உடன் போய்விட்டது. வகுப்பு ஆசிரியர் போடுகிற புள்ளிதான் முடிவு. இந்தப் பள்ளியின் 95உம் அந்தப் பள்ளியின் 95உம் ஒன்றுதானா என்ற கேள்வி கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாவிலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்க ஒரே அளவுகோல் என்று சொல்லிக்கொண்டு ஒன்று வந்து நின்றால் விடுவார்களா?

வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது என் எண்ணம். மற்றப் பாதிக்காகத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

எஸ்.ஏ.ரி.யில் இருந்து கடதாசியும் பென்சிலும் அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலும், அமெரிக்காவுக்குள் 2024 மார்ச்சிலும் விடைபெற்றன. மூன்று மணித்தியாலத்தில் 154 கேள்வி என்றிருந்த பரீட்சை இப்போது 2 மணி 14 நிமிடத்தில் 98 கேள்வி. புளூபுக் என்ற செயலியைப் பிள்ளை தன் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறது. நடுவில் இணையம் அறுந்தாலும் பரீட்சை ஓடும். சார்ஜ் அறுந்தால்தான் சிக்கல். ஆகவே வயரை மறக்க வேண்டாம். பழைய பற்றரி உள்ள மடிக்கணினியை அண்ணனிடம் இருந்து கடன் வாங்கிக்கொண்டு போகவும் வேண்டாம்.

ஊரில் ஏ.எல். பரீட்சைக்கு நாங்கள் அறிந்த ஒரே ஆயத்தம் பாஸ்ற் பேப்பர். பத்து வருடப் பேப்பர்களை மூன்று தரம் செய்தவனை ஒருவரும் அசைக்க முடியாது. ஸ்காபரோவில் இன்றைக்கும் ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனைக் கேட்கிற கேள்வி, "எத்தனை பேப்பர் செய்துபோட்டான்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இந்தப் பரீட்சையில் அர்த்தம் குறைந்துவிட்டது. ஒரே மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கேள்விகள் வருவதில்லை. பெரியதொரு வங்கியில் இருந்து கேள்விகள் உருவி எடுக்கப்படுகின்றன. முடிந்த பரீட்சையின் வினாத்தாள் வெளியே வருவதும் இல்லை. வாசிப்பு எழுத்து, கணிதம் இரண்டுமே இரண்டிரண்டு பகுதி. முதற்பகுதியில் பிள்ளை எப்படிச் செய்தது என்று பார்த்து, இரண்டாம் பகுதியைக் கடினமாகவோ இலேசாகவோ கணினி எடுத்துக் கொடுக்கும். இலேசான பகுதி வந்து விழுந்தால், அதில் எல்லாமே சரியாகச் செய்தாலும் உச்சப் புள்ளி எட்டாது. அதனால் முதற்பகுதியில் அவசரப்பட்டுச் சின்னப் பிழை விடுகிற பிள்ளைதான் அதிகம் இழக்கிறது. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது.

இதெல்லாம் புதிதல்ல என்பதைப் பெற்றோர்தான் கவனிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் மாகாணம் முழுக்க எழுதுகிற கணிதப் பரீட்சையும் திரையில், பிள்ளையின் தரத்துக்கேற்ப மாறிமாறி வருகிறதுதான். எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே அந்த வழியால் நடந்து வந்தவர்கள். திரை அவர்களை வெருட்டாது. வெருள்கிறவர்கள் நாங்கள்.

கணிதப் பகுதியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 44 கேள்வி, 70 நிமிடம், செயலிக்குள்ளேயே டெஸ்மொஸ் கணிப்பான். சமன்பாட்டை அதில் தட்டினால் வரைபடம் வந்துவிடும், வெட்டுகிற புள்ளியைத் தொட்டால் விடை. பாதிக் கேள்விகளுக்கு அட்சரகணிதமே செய்யாமல் தப்பலாம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதே பிள்ளை வாட்டர்லூ பல்கலைக்கழகம் நடத்துகிற யூக்கிளிட் போட்டிக்குப் போய் உட்கார்ந்தால் சிரிப்பு நின்றுவிடும். அங்கே இரண்டரை மணித்தியாலம், பத்தே பத்துக் கேள்வி, பலவற்றுக்கு வழிமுறை முழுவதையும் கையால் எழுதிக் காட்ட வேண்டும். வாட்டர்லூவில் கணிதமோ கணினியோ படிக்க நினைக்கிறவனுக்கு எஸ்.ஏ.ரி. வகுப்பைவிட அந்தப் போட்டிதான் உதவும். அது நிற்க.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வாசிப்புப் பகுதி. பழைய கடதாசிப் பரீட்சையில் ஐந்து நீண்ட பந்திகள் வரும், ஒவ்வொன்றும் 500இல் இருந்து 750 சொல் வரை. நாவலில் இருந்து ஒரு துண்டு, பழைய அரசியல் உரை ஒன்று, விஞ்ஞானக் கட்டுரை ஒன்று என்று. ஒவ்வொரு பந்திக்கும் பத்துப் பதினொரு கேள்வி. ஒரு ஆசிரியர் எங்கே தொடங்கினார், எந்த இடத்தில் திரும்பினார், முதலில் சொன்னதைக் கடைசியில் எப்படி மாற்றினார் என்று பின்தொடர வேண்டும். இப்போது ஒரு பந்தி 25 சொல்லில் இருந்து 150 சொல் வரை. ஒரு பந்திக்கு ஒரு கேள்வி. முடிந்ததும் அடுத்த பந்தி, வேறு உலகம். தேனீயைப் பற்றி நாலு வரி, பிறகு ஒரு கவிதைத் துண்டு, பிறகு ஒரு வேலைவாய்ப்பு அட்டவணை. கேள்விக்குச் சராசரி 71 செக்கன். கைத்தொலைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற அதே வேகம், அதே அளவு. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தக் கட்டுரை அந்தப் பரீட்சையில் வரக்கூடிய மிக நீண்ட பந்தியைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு.

சின்னப் பந்தியிலும் அதே திறமையைத்தான் அளக்கிறோம், பிள்ளைகளுக்குக் களைப்புக் குறைவு, ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு இது நல்லது என்று பரீட்சை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

ஆனால் வகுப்புகளில் நடப்பது வேறு. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதை மட்டும் பழக்குவது ரியூசனின் இயல்பு. அதில் குற்றம் காண முடியாது, காசு கொடுப்பதே அதற்குத்தான். கேள்வியை முதலில் வாசி, பந்தியை மேலோட்டமாகப் பார், "ஆனால்" என்ற சொல்லைத் தேடு, இரண்டு விடையை வெட்டு, மிச்ச இரண்டில் ஒன்றைத் தெரி. பதினாறு வயதில், மூளை எதையும் பற்றிக்கொள்கிற காலத்தில், எட்டு மாதம் சனிக்கிழமை தோறும் இதைச் செய்த பிள்ளைக்குக் கையில் என்ன மிஞ்சும்? 150 சொல்லுக்கு அப்பால் கண் போகாத ஒரு வாசிப்புப் பழக்கம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீடுகளில் அடுத்த கனவு எது என்று எனக்குத் தெரியும். டொக்டர். இல்லையென்றால் லோயர். மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதுகிற எம்கற் பரீட்சையும் கணினியில்தான் நடக்கிறது, 2007இல் இருந்தே. ஆனால் அது சுருங்கவில்லை. அதில் வாசிப்புக்கென்று தனிப்பகுதி: 90 நிமிடம், ஒன்பது பந்தி, 53 கேள்வி. ஒவ்வொரு பந்தியும் ஐந்நூறு அறுநூறு சொல். தத்துவம், கட்டடக் கலை, இசை வரலாறு என்று விஞ்ஞான மாணவன் ஒருநாளும் தொடாத விடயங்கள். பாடமாக்கிக்கொண்டு போக அதில் ஒன்றுமே இல்லை. பந்திக்குள் இருப்பதை வைத்தே பதில் சொல்ல வேண்டும். பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கரைத்துக் குடித்த எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்று வீட்டுக்கு வீடு கேட்கலாம். பக்கத்தில் ஹமில்ரனில் இருக்கிற மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரி, எம்கற் புள்ளிகளில் இந்த வாசிப்புப் பகுதியை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. இரசாயனத்தில் எடுத்த புள்ளியை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சட்டக் கல்லூரிப் பக்கம் போனாலும் தப்ப முடியாது. எல்சற் பரீட்சையில் புதிர் போல வரும் தர்க்க விளையாட்டுப் பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். கணக்குக்காரப் பிள்ளைகளுக்கு அதுதான் கைகொடுத்த பகுதி. இப்போது மிஞ்சியிருப்பதெல்லாம் வாசிப்பும் வாதமும்.

ஆக, பதினேழு வயதில் வருகிற பரீட்சை 150 சொல் கேட்கிறது. இருபத்தொரு வயதில் வருவது அறுநூறு சொல் கேட்கிறது. இரண்டுக்கும் இடையில் முதலாம் வருடத்துப் பேராசிரியர் அடுத்த கிழமைக்குள் நாற்பது பக்கம் வாசித்துக்கொண்டு வரச் சொல்வார். எங்கள் காசும் கவலையும் கார் ஓட்டமும் முழுக்க முதற்பரீட்சையின் மேல் கொட்டப்படுகின்றன.

சனிக்கிழமைக் காலை என்றதும் இன்னொன்று. பள்ளிச் சபைகள் நடத்துகிற அனைத்துலக மொழி வகுப்புகளில் தமிழை உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட்டாக எடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அது பல்கலைக்கழக ஆயத்தப் பாடம். துறைக்கு வேண்டிய கட்டாயப் பாடங்கள் போக மிஞ்சும் இடத்தில் பல்கலைக்கழகம் பார்க்கிற அந்த ஆறு பாடங்களுக்குள் சேர்க்கக்கூடியது. எங்கள் பிள்ளைகள் இரண்டு பக்கம் தொடர்ந்து வாசித்து, இரண்டு பக்கம் தொடர்ந்து எழுதுகிற இடங்களில் அந்த வகுப்பும் ஒன்று. பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் வெட்டப்படுவது அதுதான். "தமிழ் பிறகு பார்க்கலாம், இப்ப எஸ்.ஏ.ரி. முக்கியம்" என்கிறார் அம்மா. ஒன்ராறியோக் கணக்கில் வருகிற பாடத்தை நிறுத்திவிட்டு, ஒன்ராறியோக் கணக்கில் வராத பரீட்சைக்குப் பிள்ளை போகிறது. இதைப்பற்றி மேலே எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

எல்லை தாண்டிப் போகத்தான் போகிறேன் என்கிற பிள்ளைக்கு ஆயத்தம் அவ்வளவு பெரிய காரியமில்லை. புளூபுக்கிலேயே முழு நீளப் பயிற்சிப் பரீட்சைகள் இருக்கின்றன, உண்மைப் பரீட்சை போலவே பகுதி மாறி வரும், கட்டணம் இல்லை. கான் அக்கடமியின் பாடங்களும் இலவசம். கோடை விடுமுறையில் எட்டுக் கிழமை, கிழமைக்கு ஒரு பயிற்சிப் பரீட்சை, விட்ட பிழைகளை ஒரு கொப்பியில் எழுதி ஏன் விட்டது என்று பக்கத்தில் குறிப்பு. அச்சடித்த தடித்த புத்தகங்களில் பென்சிலால் செய்து பழகுவது வீண். கோடிடுவது, விடையை வெட்டுவது, நேரத்தைப் பார்ப்பது எல்லாம் திரையிலேயே பழக வேண்டியவை. கையால் கணக்குப் பார்க்க மண்டபத்தில் தாள் தருவார்கள், அந்தத் தாளில் எழுதித் திரையில் தட்டுகிற பழக்கமும் வீட்டிலேயே வர வேண்டும். அதற்கு மேல் ரியூசன் வேண்டுமா என்பது பிள்ளையின் இலக்கணப் பிழைகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பது காரணமாகாது.

மிச்சமாகிற சனிக்கிழமைகளுக்கு ரொறன்ரோவில் நூறு கிளைகளோடு ஒரு பொது நூலகம் இருக்கிறது. மல்வேணிலும் சீடர்பிறேயிலும் அஜின்கோட்டிலும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இருந்தே ஒரு நாளைக்கு ஒரு நீண்ட கட்டுரை, கடதாசியில், கைத்தொலைபேசி வேறு அறையில். விஞ்ஞானம் பிடித்த பிள்ளைக்கு வரலாறு, வரலாறு பிடித்த பிள்ளைக்குப் பொருளாதாரம். வாசித்து முடித்ததும் இந்த ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று இரவுச் சாப்பாட்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ மூன்று வசனத்தில் சொல்லச் சொல்லுங்கள். முதல் கிழமை மூன்றாம் பக்கத்தில் களைத்துப்போய், கடைசியில் என்ன வருகிறது என்று மட்டும் சொல்லுங்களேன் என்று பிள்ளை கேட்கும். சொல்லிவிடாதீர்கள்.