தரகுக் கணக்கில் நேரும் நஷ்டம்

மண்டிக்குக் காய்கறி அனுப்பும் குடியானவர்களிற் சிலர், தரகு நூற்றுக்கு 10 வீதம் என்றால், தமக்கு வேண்டிய தொகையுடன் பத்திலொரு பங்கைக் கூட்டி விலை கோருகின்றனர். இது பிசகாகும். தரகு பிடிக்கப்படுவது மொத்த விற்பனைத் தொகையின்மீதேயாம்.

உதாரணமாக, கைக்கு வரவேண்டியது ரூ. 8,820, இறக்குகூலி ரூ. 180, ஆக ரூ. 9,000. இதனுடன் பத்திலொரு பங்கு கூட்டி ரூ. 9,900-க்கு விற்றால், தரகு ரூ. 990-ம் கூலியும் போக நிற்பது ரூ. 8,730. நஷ்டம் ரூ. 90.

சரியான வழி யாதெனில், 9,000-ஐ 100-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தலாம். விடை ரூ. 10,000. தரகு ரூ. 1,000-ம் கூலியும் கழிய, ரூ. 8,820 குறைவின்றி நிற்கும்.

தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விற்கும் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை யென்பதையும் சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.