பாசிக் காடுகளைக் காப்பது யார்?

புது தில்லி: நிலத்தில் மட்டுமன்றிக் கடலுக்கு அடியிலும் காடுகள் உண்டு. கலிபோர்னியா, டாஸ்மேனியா போன்ற குளிர்ந்த கடல்களில், பாறைகளைப் பற்றிக்கொண்டு பல மீட்டர் உயரம் வளரும் 'கெல்ப்' என்ற பழுப்புப் பாசிகளை வல்லுநர்கள் அவ்வாறே அழைக்கின்றனர். கடல் வெப்பமடைந்ததால் டாஸ்மேனியக் காடுகள் பெருமளவு மறைந்தன. இதையடுத்து 2012-ல் ஆஸ்திரேலிய அரசு, அவற்றை அழியும் நிலையிலுள்ள உயிர்ச்சூழலாக அறிவித்தது.

இந்தியாவின் வெப்பக் கடலில் கெல்ப் வளர்வதில்லை. ஆனால், அதே பழுப்புப் பாசி வகுப்பைச் சேர்ந்த கட்டைக்கோரை, மன்னார் வளைகுடாப் பாறைகளில் அடர்ந்து வளர்கிறது. மீன் குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் அதுவே புகலிடம். அதைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் சிக்கல்.

21 தீவுகள்: பாம்பன் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கி.மீ. பரப்பை 1986-ல் தமிழக அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்ட காலம் அது. இரு தீவுகள் மூழ்கிப் போனதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பவளத்தை வேட்டையாடத் தடை விதிக்கும் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது 2001-ல்தான்.

பாதிக்கப்பட்டோர்: பூங்கா விதிகள் கடுமையாக்கப்பட்டபோது முதலில் பாதிக்கப்பட்டவர்கள், ராமநாதபுரம் மாவட்டத்தின் பாசி சேகரிக்கும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, 'அகார்' தயாரிப்புக்கான மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டைக்கோரையையும் பறிப்பது அவர்களது தலைமுறைத் தொழில். பறிப்பு நாள்களை மாதத்துக்கு 12 ஆகக் குறைத்தும், இரும்புக் கருவிகளைக் கைவிட்டும் அவர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். பாறையில் வேர்ப்பிடிப்பு எஞ்சினால்தான் பாசி மீண்டும் தழைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

மறுபுறம், பிலிப்பின்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட 'காப்பாஃபைகஸ்' என்ற பாசியை வளர்க்க 2000-ஆம் ஆண்டையொட்டி பாக் நீரிணைப் பகுதியில் ஊக்கமளிக்கப்பட்டது. வளர்ப்புப் பகுதிகளை வரையறுத்து 2005-ல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால், பூங்காவுக்குள் உள்ள குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மீது அப்பாசி படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். வளர்ப்பினால் பல குடும்பங்கள் பிழைப்பது உண்மை. அதன் விலையைப் பவளம் கொடுக்க நேர்ந்ததும் உண்மை.

சட்டம் சொல்வது: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் நாடாளுமன்றம் சேர்த்த 26-ஏ பிரிவு தெளிவானது. கடற்பரப்பைச் சரணாலயமாக்கும்போது, உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பின்னரே எல்லையை முடிவு செய்ய வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ஆனால், மன்னார் வளைகுடாப் பூங்கா அறிவிக்கப்பட்டது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக!

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்கு ரூ.640 கோடி ஒதுக்கப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ரூ.127.71 கோடியில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. உற்பத்தி இலக்குக்குக் காட்டும் அக்கறையை இயற்கைப் பாசிப் பாறைகளின் பாதுகாப்புக்கும் காட்டுவதே முறை.

1947-ல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இன்று கொச்சியில். நிர்வாகம் சென்னையில். சட்டம் இயற்றுவது தில்லியில். நாள்தோறும் அந்தப் பாறைகளைத் தொட்டுப் பார்ப்பவர்களோ மன்னார் வளைகுடாக் கரையின் பெண்கள். பூங்கா மேலாண்மையில் அவர்களுக்குச் சட்டப்படி இடமளிப்பது சலுகையல்ல. 1991-ல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட கொள்கையைத் தாமதமாகவேனும் நிறைவேற்றுவதாகும்.