பிரிவிற் பிறக்கும் பொறி

பொறி என்னும் சொல்லுக்குத் தமிழிற் பல பொருள்கள் உள. ஐம்பொறியும் பொறி. இயந்திரமும் பொறி. இலச்சினையும் பொறி. தீயினின்று தெறிக்கும் துகளும் பொறி. மாணவருக்கு இதனைப் பல காலமாகச் சொல்லிவந்தேன். ஆயின், இயந்திரமாகிய பொறியினுள்ளே தீயாகிய பொறி எவ்வாறு பிறக்கின்றது என்று மட்டும் யான் கேட்டதில்லை. சென்ற மாதந்தான் கேட்டேன்.

என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் மொறிஸ் மைனர் கார் ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இக் கார் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை அங்கே செய்யப்பட்டது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 உம் எங்கள் தெருக்களில் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்புவர். சூடேறியபின் மண்ணெண்ணெய் அதனை நடத்தும். புதிய உதிரிப்பாகங்கள் அரிதாயிருந்த அக்காலத்தில், தேய்ந்ததைத் தீட்டியும் அறுந்ததை முடிந்தும் இவற்றைக் காத்தவர்கள் ஊர்க் கராச்சுக்காரர்கள். எங்கள் காரைக் காத்தவருக்கு இப்பொழுது முதுமை வந்துவிட்டது.

கார் நின்றுபோன அன்று அவரிடஞ் சென்றேன். அவர் சொன்னார்:

“மாஸ்ரர், பொயின்ற்றைக் கழற்றிப்போட்டு இலெக்ரோனிக் ஒண்டு பூட்டலாம். பிறகு அடிக்கடி பார்க்கத் தேவையில்லை. ஆனா, அது வழியிலை பழுதானா என்ன செய்வியள்? இதெண்டா என்ன பிழையெண்டு கண்ணாலை பார்க்கலாம். எனக்குக் கை நடுங்குது. இனி நீங்கள்தான் பழகவேணும்.”

அடுத்த சனிக்கிழமை, அவர் வீட்டு மாமரத்தின்கீழ் யான் மாணவனானேன்.

பாடம் எளியது. பற்றறியின் ஒரு முனை காரின் உடம்போடு பிணைந்துள்ளது. இதனை ஏர்த் என்பர். எங்கள் மொறிஸில் அது நேர்முனை. மற்றை முனையின் மின், சாவியைக் கடந்து, வெள்ளை வயர் வழியாகக் கொயிலை அடைகின்றது. அங்கே எஸ்.டபிள்யூ. என்று பொறித்த முனையிற் புகுந்து, உள்ளிருக்கும் தடித்த கம்பிச் சுருளைச் சுற்றி, சி.பி. என்ற முனையால் வெளிவருகின்றது. அங்கிருந்து வெள்ளையிற் கருங்கோடிட்ட வயர் டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும். அதனுள்ளே இருப்பனவே பொயின்ற்றுகள். ஒன்று அசையாது நிற்பது. மற்றொன்று வில்லின் விசையால் அதன்மேல் வந்து பொருந்துவது. நடுத்தண்டின் நான்கு முனைப்புகளும் சுழன்றுவந்து இரண்டையும் பிரிக்கின்றன. முற்றத் திறந்த நிலையில் அவற்றின் இடைவெளி, ஓரங்குலத்தை ஆயிரங் கூறிட்டதில் 14 முதல் 16 கூறு வரை இருத்தல் வேண்டும்.

இரு முனைகள் கூடும்போதே பொறி பிறக்கும் என்று யான் எண்ணியிருந்தேன். அஃது அன்று. கூடியிருக்கும்போது மின் ஓடுகின்றது, கொயிலிற் காந்தம் வளர்கின்றது, அவ்வளவே. முனைகள் பிரியும் கணத்தில் ஓட்டம் அறுகின்றது; காந்தம் குலைகின்றது. அந்தக் குலைவினால், மெல்லிய கம்பியின் பல்லாயிரஞ் சுற்றுகளிற் பதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகின்றது. அதுவே 1, 3, 4, 2 என்னும் முறையிற் பிளக்குகளுக்குப் பகிரப்பட்டுப் பொறியாகின்றது. பிரியும் முனைகளுக்கிடையே தீப்பாய்ந்து அவை கருகாவண்ணம், பக்கத்திலிருக்கும் கொண்டென்சர் அக்கணத்து மின்னைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், வினாடிக்கு 100 பொறிகள். நூறு கூடல், நூறு பிரிதல். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் ஆக்கிய இம்முறை 1910 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னர் உலகின் பெரும்பாலான கார்கள் பல தசாப்தங்கள் இதனாலேயே ஓடின.

பழைய பொயின்ற்றுகளைக் கழற்றிப் புதியனவற்றைப் பூட்டினேன். இடைவெளியைத் தகடிட்டு அளந்தேன். வயர்களை அதனதன் இடத்தில் முடுக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஸ்ராற்றர் சுழன்றது, இயந்திரம் எழவில்லை.

முதியவர் எழுந்து வரவில்லை. “பல்ப்பைப் பிடிச்சுப் பாருங்கோ” என்றார்.

இரு வயர்கள் பூட்டிய சிறு பல்ப் ஒன்றைத் தந்திருந்தார். ஒரு வயரை ஏர்த்திலும் மற்றதை எஸ்.டபிள்யூ. முனையிலும் வைத்தேன், எரிந்தது. சி.பி. முனையில் வைத்தேன். பொயின்ற் திறக்கும்போது அது எரிதல் வேண்டும். மூடும்போது அணைதல் வேண்டும். திறந்தபோதும் எரியவில்லை, மூடியபோதும் எரியவில்லை.

“அப்ப, பிரியவேண்டிய இடத்திலை எங்கையோ ஒட்டிக்கொண்டு நிக்குது. முதலிலை சாவியை நிப்பாட்டுங்கோ, கொயில் சுடும். பிறகு தேடுங்கோ.”

அரைமணி நேரந் தேடினேன். பிழை வேறெங்குமில்லை; யான் கழற்றிவைத்த பழைய பொயின்ற்றிலேயே இருந்தது. அதன் வில்லின் அடியிற் சிறு நார்வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதனை எடுத்துப் புதிய வில்லின்கீழ் இடாது விட்டேன். அதனால் வில் அடித்தகட்டைத் தொட்டு நின்றது. முனைகள் கண்ணுக்குப் பிரிந்தன, மின்னுக்குப் பிரியவில்லை. பிரிவில்லாத இடத்திற் பொறி ஏது?

அவ்வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். உடம்படுமெய் நினைவுக்கு வந்தது. மணி என்பதும் அடித்தான் என்பதும் சேரும்போது, ஈருயிர்க்கும் நடுவே யகரம் வந்து நிற்கின்றது. தனக்கென்று ஒரு பொருளும் இல்லாத அவ்வெழுத்தினாலேயே சேர்க்கை செவ்விதாகின்றது. முப்பது ஆண்டுகளாக யான் கற்பித்த விதியை ஒரு நார்வளையம் எனக்குத் திருப்பிக் கற்பித்தது.

வேறொன்றும் கற்றேன். அம் முதியவர் வளையத்தின் குறையை முதலிலேயே ஊகித்திருப்பார். சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அவர் சொல்லவில்லை. தேடும் வழியைத் தந்தார். தேடலை எனக்கே விட்டார். யானோ, மாணவன் பிழைவிட்ட இடத்தில் அவன் கண் படுமுன்னரே சிவப்பு மையாற் திருத்தத்தை எழுதிவிடுகின்றேன். அவன் புள்ளியை எண்ணிவிட்டுக் கொப்பியை மூடுகின்றான். ஆசிரியன் சற்று விலகி நிற்கவேண்டிய கணமும் ஒன்றுண்டு என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் இத்துணைத் தெளிவாக யான் உணர்ந்ததில்லை.

வளையத்தை இட்டுச் சாவியைத் திருப்பினேன். இயந்திரம் எழுந்தது. தந்தையாரின் காலத்துக் குரல் அது. பெருமிதத்தோடு முதியவரைப் பார்த்தேன். அவர் சிறிதுநேரம் செவிகொடுத்துக் கேட்டார், தலையசைத்தார்.

“சரி, மாஸ்ரர். இப்ப எல்லாத்தையும் கழற்றிப்போட்டு இன்னொருக்காப் பூட்டுங்கோ” என்றார்.