பேர் வாங்குவது அருவி, உயிர் வாங்குவது ஆறு!
வால்பாறை மலைப்பாதையில் குளிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால், ஜனங்கள் ஒன்று ஊட்டிக்கு ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் வால்பாறைக்கு. ஊட்டியில் பூங்கா பார்க்கலாம். ஜில்லென்று தண்ணீரில் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வால்பாறைக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள்.

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை சுமார் 64 கிலோ மீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்பு நிழலில் சமதளப் பாதை. அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். வழி நெடுக அணை, அருவி, ஓடை, ஆறு. இந்தப் பாதையில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் பெயரே "வாட்டர்பால்ஸ்" என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தத் தண்ணீரில்தான் வினையும் இருக்கிறது.

5 மாணவர்கள் பலி

2023-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி கோவை மாவட்டத்தையே உலுக்கிய சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். வால்பாறைக்கு உல்லாசப் பயணம் போன கல்லூரி மாணவர்கள், சோலையாறு எஸ்டேட் பகுதியில் ஆற்றில் இறங்கினார்கள். 5 பேர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மலைக்குக் கீழே, ஆழியாறில். சென்னையில் இருந்து சுற்றுலா வந்த மாணவர்களில் 3 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் அருவி கிடையாது. "ஹோ" என்ற இரைச்சல் கிடையாது. பார்த்தால் சாதுவாக ஓடுகிற தண்ணீர்தான்.

கவி அருவி

ஆழியாறைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் ரோட்டோரத்திலேயே வருவது குரங்கு அருவி. இப்போது இதைக் கவி அருவி என்று சொல்கிறார்கள். யாரோ ஒரு புலவர் குளித்த இடம் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்! "கவி" என்றால் பழைய தமிழில் குரங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் மாறினாலும் குரங்கு அங்கேதான் இருக்கிறது. கையில் தின்பண்டப் பொட்டலத்துடன் போகிறவர் பொட்டலத்துடன் திரும்புவது கஷ்டம்.

இது ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை டிக்கெட் போட்டு ஆட்களை உள்ளே விடுகிறது. நின்று குளிக்கிற இடத்தில் கம்பித் தடுப்பு இருக்கிறது. காவலுக்கு ஆள் இருக்கிறது. மலையில் மழை பெய்து அருவியில் வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுவார்கள். கோடையில் அருவி வறண்டாலும் அனுமதி கிடையாது.

தடை போட்ட நாளில்தான் தொல்லையே ஆரம்பிக்கிறது. 100 கிலோ மீட்டர் தாண்டி, வேன் வாடகையும் கொடுத்து, சோற்று மூட்டையோடு வந்தவர்களுக்கு பூட்டிய கேட்டைப் பார்த்ததும் எரிச்சல் வருகிறது. "சரி, மேலே ஆறு இருக்குதாமே, அங்கே போய்க் குளிச்சுக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே டிக்கெட் இல்லை, தடுப்புக் கம்பி இல்லை, கேட்க ஆளும் இல்லை. எந்த மழைக்குப் பயந்து அருவியைப் பூட்டினார்களோ, அதே மழைத் தண்ணீர்தான் அந்த ஆற்றிலும் வருகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

முட்டி வரைக்கும்தானே?

வால்பாறையில் இருந்து சோலையாறு போகிற வழியில் கூழாங்கல் ஆறு. பெயருக்கு ஏற்றபடி அடியில் உருண்டை உருண்டையாகக் கல். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக இறங்குகிற இடம். கரையோரமாகக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சுகம்தான்.

ஆனால் தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். இடுப்பளவு பள்ளம் முட்டியளவாகத் தெரியும். மழைக்காலத்து வெள்ளம் பாறைகளுக்குப் பின்னால் மண்ணைக் குடைந்து குழியாக்கி வைத்திருக்கும். நேற்று நடந்த இடத்தில் இன்று குழி இருக்கலாம். கல் மேல் படிந்த பாசி, ஆளைத் தூக்கி அடிக்கும். விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் இழுப்பு அவனை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. நீங்கள் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். ஆனால் மேலே எஸ்டேட் பக்கம் மழை கொட்டியிருக்கும். தெளிவாக இருந்த தண்ணீர் திடீர் என்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, அடுத்த நிமிடமே கரை ஏறிவிட வேண்டும். சோப்பு, செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.

ஒருவன் மாட்டிக்கொண்டால் கூட இருந்தவர்கள் துடித்துப்போய்க் குதித்துவிடுகிறார்கள். ஒரு சாவு மூன்றாகி நாலாவது இப்படித்தான். வண்டியில் கட்டிவந்த கயிற்றையோ, ஒரு வேட்டியையோ, சேலையையோ வீசி இழுப்பதுதான் வழி.

9-வது வளைவு

குளிக்காமலே காசு செல்லுபடியாகிற இடமும் உண்டு. 9-வது கொண்டை ஊசி வளைவில் உள்ள காட்சிமுனைக்கு, இந்த ரோட்டைப் போட்ட வெள்ளைக்கார என்ஜினீயர் லோம் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தால் ஆழியாறு அணை காலடியில் பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் தடுப்புச் சுவர் ஓரத்தில் வரையாடு மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. பிஸ்கட்டை நீட்டாமல் இருந்தால் அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும். அங்கே வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

கவர்க்கல் பகுதியில் பட்டப்பகலிலேயே பனிமூட்டம் கண்ணை மறைக்கும். 2025-ம் ஆண்டு மே மாதம் திருப்பூரில் இருந்து வால்பாறைக்கு வந்த அரசு பஸ் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்து, 30-க்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். எந்த கியரில் மலை ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறவர்களுக்கு பிரேக் சூடாகி, கருகிய வாசனைதான் மிச்சம்.

யானை தூக்கி வீசியது

அந்தி சாய்ந்தபின் இந்த ரோடு மனிதனுடையது அல்ல. 2025 பிப்ரவரியில் ஒரு மாலை, டைகர் வேலி என்ற இடத்தில் காட்டு யானை ஒன்று ரோட்டுக்கு வந்தது. மற்ற வண்டிகள் தூரத்திலேயே நின்றுவிட்டன. மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மனி நாட்டு முதியவர், மற்றவர்கள் எச்சரித்தும் கேட்காமல் முன்னேறினார். யானை தூக்கி வீசியது. ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார்.

ஐகோர்ட்டு உத்தரவின்படி 2025 நவம்பர் 1-ந் தேதி முதல் வால்பாறைக்கும் "இ-பாஸ்" முறை வந்துவிட்டது. வீட்டிலேயே பதிவு செய்துகொண்டு கிளம்பினால் ஆழியாறு சோதனைச் சாவடியில் கியூவில் காய வேண்டியதில்லை. கிளம்பும் முன்பு, கவி அருவி திறந்திருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் அன்றைக்குக் குளியல் வீட்டுக் குளியலறையில்தான் என்று முடிவுகட்டிவிட்டு, மற்ற இடங்களைப் பார்க்கப் போகலாம்.

மதியத்துக்கு மேல் கீழே இறங்கத் தொடங்கினால், வெளிச்சம் இருக்கும்போதே ஆழியாறு வந்துவிடலாம். குழந்தைகள் விளையாட அணைப் பூங்கா இருக்கிறது. பெரியவர்களுக்கு ரோட்டோரக் கடைகளில் அணை மீனை மசாலா தடவி, கண்ணெதிரே சுடச்சுடப் பொரித்துத் தருகிறார்கள்.